நூறு முறை எழுதினால்...

ஒரே வரியை 100 முறை எழுதச் சொன்னால் என்ன ஆகும்? எண்ணிக்கை தப்பி 99 ஆகும். இல்லையேல் 101 ஆகும். உயிரணு தன் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும்போதும் இவ்வாறே நேர்வதுண்டு.

மனித டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட பெருநூல். அதில் புரதங்களை ஆக்கும் குறிப்பு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஏறக்குறைய பாதி, சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளைத் தொடர்கள். 1972இல் சுசுமு ஓனோ என்னும் அறிஞர், பயனற்றதாகத் தோன்றிய பகுதிகளைக் 'குப்பை' என்றார். குப்பையிலும் மாணிக்கம் கிடைக்குமன்றோ!

உத்தரப்பிரதேசக் கிராமத்தில் பிறந்த லால்ஜி சிங், பட்டைக் கட்டுவிரியன் பாம்பின் டி.என்.ஏ.யில் ஜி, ஏ, டி, ஏ என்னும் நான்கு எழுத்துகள் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு ஆராய்ந்தார். அத்தொடர் மனிதரிடமும் உண்டு. இத்தகைய தொடர்கள் எத்தனை முறை வருகின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதைக்கொண்டு ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் அவர் ஆளை அடையாளம் காணும் முறையை உருவாக்கினார். பெற்றோர் யார் என்னும் வழக்குகளுக்கும், 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கின் விசாரணைக்கும் அது உதவியது.

சில தொடர்கள் இடம்விட்டு இடம் தாவவும் செய்கின்றன. மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை ஆராய்ந்து இதைக் கண்டவர் பார்பரா மெக்கிளின்டாக் அம்மையார். 1940களில் அவர் கண்டதைப் பலர் ஏற்கவில்லை. மனந்தளராது உழைத்தார், 1983இல், தம் 81ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றார்.

மாட்டுத்தாவணிச் சந்தையில் பட்டாணியைப் பார்க்கும்போது மெண்டல் துறவியை நினைப்போம். மடத்துத் தோட்டத்தில் அவர் வளர்த்த சுருங்கிய பட்டாணியின் காரணம் 1990இல் தெரிந்தது. மாவுச்சத்து ஆக்கத்துக்கு உதவும் மரபணுவினுள், தாவும் தொடரை ஒத்த ஒன்று புகுந்திருந்தது! அதனால் விதையில் சர்க்கரையும் நீரும் மிகுந்து, காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது.

இம்மாற்றங்கள் யாவும் நன்மையே என்பதற்கில்லை. ஹன்டிங்டன் என்னும் நரம்பு நோய், மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மிஞ்சி நீள்வதால் வருகிறது. பல மாற்றங்களால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆயினும் வேறுபாடு இன்றேல் பரிணாமம் இல்லை. அவ்வேறுபாட்டின் ஊற்றுகளுள் ஒன்று இத்தொடர்களே.

தோழியரே, நமக்குப் பொருள் விளங்காத ஒன்றைக் குப்பை என்று தள்ளுமுன் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். பாம்பையும் சோளத்தையும் பொறுமையோடு பார்த்தவர்கள் தந்த பாடம் இதுவே.