தண்ணி இருக்கு, காத்து எங்கே?

இந்த வார எபிசோடில் வாட்டர் கூலிங் பத்தி நிறைய பேசியாச்சு, ஹார்ட் டிஸ்க் மட்டும் விட்டுப்போச்சு. அது இங்கே.

கியாக்டடாவில், சூலே பகோடா பக்கம் ஒரு ஒலிப்பதிவு அறைக்கு நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். சத்தமே கூடாதுன்னு சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டுக்கும் தண்ணி ஓட விட்டு, கேஸ் ஃபேன்களைக் கழட்டி, டிஸ்க்கை ஸ்பாஞ்சில் வேற சுத்தியிருந்தாங்க. ஏப்ரல் மத்தியானம் ஸ்மார்ட் அட்டவணையில் 194-ஆவது வரியைப் பார்த்தால் 57 டிகிரி! பல டிஸ்க்குகளுக்கு 60தான் எல்லை. அவங்க பத்து வருஷப் பதிவு மொத்தமும் அதில்தான்.

அந்த ஃபேன்கள் போகிற போக்கில் டிஸ்க்கையும் குளிர வச்சிருக்கு. இரும்புக் கூண்டு வழியா இறங்கின சூட்டையும் ஸ்பாஞ்ச் அடைச்சிடுச்சு.

டிஸ்க்குக்கும் வாட்டர் பிளாக் போடலாமேன்னு கேட்டாங்க. தேவையில்லை. அது விடுறது 6–8 வாட்தான். ரேடியேட்டர் தண்ணி அறைச் சூட்டுக்குக் கீழே இறங்காது. கரண்ட் போய் ஏசி நின்னா அறையே 35. ஒரு 120 மி.மீ. ஃபேனை 500 சுற்றில் டிஸ்க் முன்னாடி வச்சு, ஸ்பாஞ்சுக்குப் பதில் ரப்பர் வாஷர் போட்டேன். 44 ஆச்சு. மைக்கில் ஒண்ணும் கேட்கலை.

44-க்குப் பயப்பட வேண்டாம். லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வச்சு 2007-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், ரொம்ப அதிகச் சூட்டில்தான், அதுவும் வயசான டிஸ்க்குகளில்தான், பாதிப்பு தெளிவாத் தெரிஞ்சது.

அவங்களுதுக்கு ஆறு வயசு. இன்னொரு டிஸ்க்கில் நகல் ஓடிக்கிட்டிருக்கு.