ஒரு பண்டம், பல விலை

கடல் வாணிகம் செங்கற்பட்டு மாவட்டக் கரைக்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் மாமல்லபுரமோ அதன் அண்மையதோ ஆகலாம் என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். பிற்காலத்தே, மாமல்லபுரத்திற்குத் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி, நம் நெசவாளர் நெய்த மெல்லிய துணிகளைக் கப்பலேற்றினர். அந்நாளில் இக்கரையில் வராகன், பணம், காசு என நாணயங்கள் பலவாக வழங்கின. ஒரு வராகனுக்கு 42 பணம் என்பது சென்னைக் கும்பினியாரின் கணக்கு. கடைத்தெருவிலோ அவ்வளவு ஏறியும் இறங்கியும் நின்றது. அவ்வேற்ற இறக்கத்தைக் கண்டு சொல்லி நாணயம் மாற்றித் தருவதே சராப்புகளின் தொழிலாயிருந்தது. 1818 ஆம் ஆண்டில் ரூபாய் சென்னை மாகாணத்தின் பொது நாணயமாயிற்று. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என வரையறுத்தனர்.

வரியும் பழையதே. முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். சுங்கம் விதித்த மன்னர் பலர். அதற்காகச் சிறப்புப் பெயர் பெற்றவர் எவரையும் யாம் கேட்டதில்லை!

நாணய மாற்றும் சுங்கமும் ஆகிய இவ்விரண்டுமே இன்றும் அயல்நாட்டுத் தொடர்புடைய பண்டங்களின் விலையைப் பெரிதும் ஆள்கின்றன. செங்கற்பட்டை அடுத்த பரனூர்ப் பகுதியில், தைவான் நாட்டுப் பெகாட்ரான் நிறுவனத்தின் தொழிற்சாலை 2022 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2025 இல் டாடா நிறுவனத்தார் அதன் பெரும்பங்கை வாங்கினர். ஐபோன் என்னும் கைப்பேசி அங்கே பொருத்தி முடிக்கப்படுகின்றது. நம் தொழிலாளர் கைப்பட்ட அக்கருவி, கடல் கடந்து சென்று, அமெரிக்கக் கடையில் நம்மூர்க் கடையினும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. இஃது எங்ஙனம்?

முதற்கண் நாணய மாற்றைக் காண்போம். 1966 சூன் 6 ஆம் நாள் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முன் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. பின்னர் 7 ரூபாய் 50 காசு. நூறு டாலர்ப் பண்டத்திற்கு 476 ரூபாய் கொடுத்தவர் 750 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. பண்டம் மாறவில்லை, அதைச் செய்தவர் கூலியும் மாறவில்லை, நம் நாணயத்தின் வலிமையே மாறிற்று.

சப்பான் நாட்டில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 115 யென் அளவில் இருந்த மாற்று வீதம், சூலையில் 135 யென்னைக் கடந்தது. அங்கு 98,800 யென்னுக்கு விற்ற ஐபோன் 13, ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 860 டாலருக்கு நிகர். சூலையிலோ 730 டாலருக்கும் நிகராகவில்லை. டாலரில் கணக்கு வைக்கும் நிறுவனம் இதனைப் பொறுக்குமோ? அம்மாதம் முதல் நாளே விலையை 117,800 யென் ஆக்கிற்று. முந்திய ஆண்டில் வெளிவந்த பழைய கருவிக்கு விலை ஏறிய விந்தை இது.

அடுத்து வரி. இது படிமேற் படியாக ஏறுவது. துறைமுகத்திலோ வானூர்தி நிலையத்திலோ 100 ரூபாய் மதிப்புள்ள கைப்பேசி வந்திறங்குகின்றது எனக் கொள்க. 2018 முதல் 2024 சூலை வரை அதற்கு இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு 20 ஆக இருந்தது. அத்தீர்வையின்மேல் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது 2 ரூபாய், சமூக நலக் கூடுதல் வரி. ஆக 122 ரூபாய். சரக்கு சேவை வரி இந்த 122 இன்மேல் கணக்கிடப்படும். முதலில் வந்த 100 இன்மேல் அன்று. கைப்பேசிக்கு 2020 ஏப்பிரல் முதல் அவ்வரி நூற்றுக்கு 18. எனவே 21 ரூபாய் 96 காசு சேர்ந்து, அன்று ஏறத்தாழ 144 ரூபாய் ஆயிற்று. வரிக்கும் வரி கட்டுகின்றோம் என்பதனை மாணாக்கர் கூர்ந்து நோக்குக. வணிகர் ஊதியம் இனிமேல்தான் சேரும்.

2023 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 15 இன் தொடக்க விலை அமெரிக்காவில் 799 டாலர். நம் நாட்டில் 79,900 ரூபாய். அன்று ஒரு டாலர் ஏறத்தாழ 83 ரூபாய். பெருக்கினால் 66,317, நூற்றுக்கு 18 சேர்த்தால் 78,254. நம் நாட்டிலும் பொருத்தப்பெற்ற அதன் விலை வேறுபாடு முழுவதும் ஏறக்குறைய இவ்வரியிலேயே அடங்கிவிடுகின்றது. அவ்வாண்டு வெளிநாட்டிலிருந்தே வந்த ஐபோன் 15 புரோ என்பதன் விலை 999 டாலர். இதே கணக்கின்படி 97,842 ரூபாய் ஆகவேண்டும். விற்றதோ 1,34,900 ரூபாய்க்கு. எஞ்சிய 37,000 ரூபாயில் தீர்வைக்கும் பங்குண்டு, விற்போர் ஆதாயத்திற்கும் பங்குண்டு. 2024 சூலையில் தீர்வை 15 ஆகக் குறைந்தது. அடுத்த வகையை இங்கேயே பொருத்தவும் தொடங்கினர். அதே 999 டாலர்க் கருவி 1,19,900 ரூபாய் ஆயிற்று.

அமெரிக்கர் கூறும் விலையில் வரி அடங்குவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அங்கு மாநிலந்தோறும் விற்பனை வரி வேறு. நியூயார்க்கு நகரில் நூற்றுக்கு 8.875, ஆரிகன் மாநிலத்தில் ஒன்றுமில்லை. நம் நாட்டு விலையில் வரி உள்ளடங்கியது. மேலும், ஏற்றுமதியாகும் பண்டத்தின்மேல் நம் சரக்கு சேவை வரி சுமத்தப்படுவதில்லை. நுகரும் நாட்டிற்கே வரி உரியது என்பது கொள்கை. பரனூர்க் கருவி அயலாருக்கு மலிவாதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்குமதித் தீர்வையை அறவே நீக்கலாகாதோ எனின், அஃது எளிதன்று. அயல்நாட்டுக் கருவிக்குத் தீர்வை உண்மையால்தான் இங்கே தொழிற்சாலை அமைப்பது ஆதாயமாகின்றது. ஆயினும் வரி இருபுறமும் கூருடைய வாள். திருப்பெரும்புதூரில் 2006 இல் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கில் அதன் சொத்துகள் முடக்கப்பட்ட பின்னர், 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பண்டம் வாங்குவோர் நலமும் பண்டம் செய்வோர் நலமும் ஒரே வீட்டில் தங்கியிருப்பதனை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர்: தமக்கை ஆலையில் பொருத்துவதைத் தம்பி கடையில் வாங்குகின்றான்.

வரி குறைந்தால் விலை எவ்வளவு குறையும் என்பதற்கு அண்மைச் சான்று தொலைக்காட்சிப் பெட்டி. 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிக்கு நூற்றுக்கு 28 ஆக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆயிற்று. வரி நீங்கலாக 40,000 ரூபாய்ப் பெட்டி முன்பு 51,200, பின்பு 47,200. கைப்பேசிக்கு அன்று மாற்றமில்லை. கடையில் தரும் விலைச்சீட்டில் மத்திய வரி 9, மாநில வரி 9 எனத் தனித்தனியே அச்சிட்டிருப்பர்; அவ்விரண்டையும் கழித்துப் பார்த்தால் பண்டத்தின் விலை எவ்வளவு என்பது தெரியவரும்.