மாம்பழத் தோல் விடும் மூச்சு

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்திறங்கும் பருவம் கோடை. கூழ் டின்னுக்குப் போய்விடும். பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோலும் கொட்டையுமாக மிஞ்சும். குவித்து வைத்த தோல் இரண்டே நாளில் புளித்து நுரைக்கும். அந்த நுரையில் வருவது வெறும் நாற்றம் மட்டுமல்ல, ஹைட்ரஜனும் இருக்கலாம்.

ஹைட்ரஜனை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா காற்றில்லாத இடத்தில் வாழ்வது. சர்க்கரையை உடைத்தால் எலெக்ட்ரான்கள் மிஞ்சும். நாம் அவற்றை ஆக்சிஜன் தலையில் கட்டிவிடுகிறோம், அது தண்ணீராகிறது. ஆக்சிஜன் இல்லாத கிளாஸ்ட்ரிடியம் என்ன செய்யும்? நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள்மீது அவற்றை ஏற்றி, வாயுவாக வெளியே தள்ளிவிடும். இதற்கு வெளிச்சம் வேண்டாம் என்பதால் ‘இருள் நொதித்தல்’ என்று பெயர்.

அப்படியானால் சாண எரிவாயுக் கலனில் ஹைட்ரஜன் ஏன் சேருவதில்லை? பக்கத்திலேயே பசியோடு காத்திருக்கும் மீத்தேன் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனாக்கிவிடுகின்றன. அவற்றை விலக்க ஓர் எளிய வழி உண்டு: கலனில் இடப்போகும் நுண்ணுயிர்ச் சேற்றை முதலில் கொதிக்க வைப்பது. மீத்தேன் கூட்டம் மடியும். கிளாஸ்ட்ரிடியமோ கெட்டியான வித்தாகச் சுருண்டு பிழைத்து, சூடு தணிந்ததும் முளைக்கும். பிறகு கலனின் அமிலத்தன்மையை பி.எச். 5.5 அளவில் வைத்தால், மீத்தேன் நுண்ணுயிர்கள் எளிதில் தலையெடுக்காது.

இனி கணக்கு. ஒரு கிலோ குளுக்கோஸிலிருந்து இந்தப் பாக்டீரியா தரக்கூடிய உச்ச அளவு 44 கிராம் ஹைட்ரஜன். சுமார் 500 லிட்டர் வாயு. எரித்தால் ஏறக்குறைய 120 கிராம் பெட்ரோலின் வெப்பம். நடைமுறையில் பெரும்பாலும் அதில் பாதிதான் தேறும். சர்க்கரையின் மீதி ஆற்றல் அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களாகக் கலனிலேயே தங்கிவிடுகிறது.

அந்தப் புளித்த நீரைக் கீழே கொட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அதை அடுத்த கலனுக்கு அனுப்பினால், முதலில் விரட்டிய அதே மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. ஆகவே ஹைட்ரஜனை மட்டும் நம்பி இறங்கினால் கட்டுபடியாவது கடினம். எரிவாயுக் கலனுக்கு முன்னால் வைக்கும் ஒரு சிறு கலன்: மாம்பழத் தோல் ஹைட்ரஜனுக்கு இப்போதைக்குப் பொருத்தமான இடம் அதுதான்.