உறைந்த பிசினிலே உறங்கிய பூதம்

'ஜுராசிக் பார்க்' நாவலைப் பற்றி வாசகர்கள் இரு கட்சியானது ஏன்?

ஒரு நாவலைப் படித்த இருவர் சந்தித்தால், ஒருவர் அதனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவதும் மற்றவர் அதனைக் குப்பையென்று தள்ளுவதும் புதுமையன்று. ஆயினும் ஒரே வாசகர் ஒரே நூலைப் பற்றி, "இரவு முழுவதும் கண் துஞ்சாமல் படித்தேன், ஆனால், நல்ல நூல் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை" என்று கூறுவாராயின், அந்த நூலிலே நின்று ஆராயத்தக்கது ஏதோ இருக்கின்றது என்றே கொள்ளவேண்டும். அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கிறைட்டன் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜுராசிக் பார்க்' அத்தகையதொரு நூல். மூன்று தசாப்தங்கள் கடந்த பின்னரும் அதனைப் பற்றிய வழக்கு ஓய்ந்தபாடில்லை. படத்தை மாத்திரம் பார்த்தவர்களுக்கு இவ்வழக்கின் ஒரு பாதியே தெரியும்.

கதைச் சுருக்கம்

ஜோன் ஹமண்ட் என்னும் முதியவர் பிறரிடமிருந்து முதல் திரட்டுவதிலே சமர்த்தர். மத்திய அமெரிக்க நாடாகிய கொஸ்தா ரிக்காவுக்கு அப்பால், கடல் நடுவே உள்ள ஒரு தீவில் அவர் ஓர் அதிசய வனத்தை அமைக்கிறார். அங்கே உலாவுவன யானையும் சிங்கமும் அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மாண்டொழிந்த டைனோசர்கள்!

மாண்டவை மீண்டது எவ்வாறு? பண்டைக் காலத்து நுளம்பு ஒன்று டைனோசரின் இரத்தத்தைக் குடித்துவிட்டு மரத்திலே போய் அமர்கிறது. மரத்திலிருந்து வழிந்த பிசின் அதனை மூடிவிடுகிறது. பிசின் இறுகி அம்பராக மாறுகிறது. அந்த அம்பரைத் துளைத்து நுளம்பின் வயிற்றிலிருந்த இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளைக் கொண்டு விலங்கை மீளப் படைக்கிறார்கள். சிதைந்து போன இடங்களைத் தவளை முதலிய பிற உயிர்களின் டி.என்.ஏ.யால் ஒட்டுப் போடுகிறார்கள். இனம் பெருகாதிருக்க எல்லா விலங்குகளையும் பெண்ணாகவே பிறப்பிக்கிறார்கள். ஆனால், ஒட்டுப் போட்ட தவளையின் தன்மையால் சில பெண் விலங்குகள் ஆணாக மாறிவிடுகின்றன. போதாக்குறைக்கு, இலஞ்சம் வாங்கிய கணனிப் பணியாளன் ஒருவன் கருக்களைத் திருடும்பொருட்டுக் காவல் ஏற்பாடுகளை நிறுத்திவிடுகிறான். வனத்தைப் பார்வையிட வந்த அறிஞர்களும் ஹமண்டின் பேரப் பிள்ளைகள் இருவரும் விலங்குகளின் நடுவே அகப்படுகிறார்கள். பின்னர் நிகழ்வன யாவும் மயிர்க்கூச்செறியச் செய்வன.

முதல் வாசகர்களின் தீர்ப்பு

இந்நூலைப் பற்றிய கருத்து வேற்றுமை, அது அச்சேறுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1942இல் பிறந்த கிறைட்டன் ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியிலே பயின்று பட்டம் பெற்றவர். மருத்துவத்தைத் தொழிலாகக் கொள்ளாமல் எழுத்தை வரித்துக்கொண்டார். 'அந்திரோமெடா ஸ்ரெய்ன்' என்ற நாவலால் 1969இலேயே பெயர் பெற்றார். 1973இல், பொழுதுபோக்குப் பூங்காவொன்றில் இயந்திர மனிதர்கள் கட்டுமீறுவதை 'வெஸ்ற்வேர்ல்ட்' என்னும் படமாக எழுதி இயக்கியவரும் அவரே.

'ஜுராசிக் பார்க்' நாவலை அவர் முதலில் ஒரு சிறுவனின் பார்வையிலே எழுதினார். தமது கையெழுத்துப் படிகளை வழக்கமாகப் படித்துப் பார்க்கும் நண்பர்கள் சிலரிடம் கொடுத்தார். அவர்கள் அத்தனை பேருக்கும் அது பிடிக்கவில்லை. திருத்தி எழுதினார், அப்பொழுதும் பிடிக்கவில்லை. ஈற்றில் அவர்களுள் ஒருவர், இக்கதையை வளர்ந்தவரின் பார்வையிலே படிக்கவே தாம் விரும்புவதாகச் சொல்ல, கிறைட்டன் அவ்வாறே மாற்றினார். உலகம் பின்னர் ஆவலோடு வாங்கிப் படித்தது அந்த மாற்றிய வடிவத்தையே. எழுத்தாளர் கேட்கும் காதுடையவராயிருந்தால், வாசகரின் முகச்சுளிப்பும் அவருக்கு வரமாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

புகழ்வோர் சொல்வது

இந்நூலைப் போற்றுவோர் முதலிற் சொல்வது அதன் வேகத்தைப் பற்றியே. கையிலெடுத்தால் கீழே வைக்க இயலாது என்பர். ஆனால், ஆழ்ந்து படித்தவர்கள் புகழ்வது வேறொன்றை. அந்நூலில் பயங்கரம் விலங்கின் பல்லிலே மாத்திரம் இல்லை, கணக்கிலேயும் இருக்கின்றது.

உதாரணமாக ஓர் இடத்தைக் காட்டலாம். தீவிலுள்ள விலங்குகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும் கணனி, 238 விலங்குகள் உள்ளன என்று ஒவ்வொரு முறையும் பிசகாமல் அறிவிக்கிறது. வைத்தது 238, இருப்பதும் 238, எனவே எல்லாம் சரி என்று பொறுப்பாளர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். இயன் மல்கம் என்னும் கணித அறிஞர், இன்னும் கூடுதலான தொகையைத் தேடிப் பார்க்குமாறு கேட்கிறார். தேடினால் 292 கிடைக்கின்றன! காரணம் எளிது. விலங்கு குறைந்துவிடுமோ என்றே அவர்கள் அஞ்சினார்கள். கூடிவிடும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆதலால் எதிர்பார்த்த தொகை வந்தவுடன் எண்ணுவதை நிறுத்துமாறு கணனியைப் பழக்கியிருந்தார்கள். எதைக் காண விரும்புகிறோமோ அதனையே தேடினால் அதுவே கிடைக்கும் என்ற உண்மையை இதனிலும் தெளிவாக உணர்த்திய பயங்கரக் கதை வேறு உண்டோ என்று கேட்கிறார்கள் இக்கட்சியினர். கேள்வி நியாயமானதே.

குறை காண்போர் சொல்வது

எதிர்க் கட்சியினர் கூறும் குறைகளும் இலேசானவை அல்ல. கதைமாந்தர்கள் உயிருள்ள மனிதர்களாக இல்லை. விலங்குகளுக்கு இரையாவதற்கென்றே வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் போலத் தோன்றுகிறார்கள் என்பது முதற் குறை. ஒருவர் மாண்டால் நமக்குத் திகில் உண்டாகிறதேயன்றித் துக்கம் உண்டாகவில்லை. பேத்தியான சிறுமி, ஓசைபடாமல் இருக்கவேண்டிய வேளைகளிலெல்லாம் கூச்சலிட்டு வாசகரின் பொறுமையைச் சோதிக்கிறாள் என்பது இரண்டாவது. காயமுற்றுக் கட்டிலிலே கிடக்கும் மல்கம், பக்கம் பக்கமாக உபந்நியாசம் செய்கிறார் என்பது மூன்றாவது.

இவற்றுள் முதலிரண்டையும் மறுப்பதற்கில்லை. மூன்றாவதைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை சொல்லலாம். மல்கமின் பேச்சு நீண்டதுதான். சில இடங்களில் விஞ்ஞானம் முழுவதையுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் மிகைதான். எனினும் அவர் காட்டும் ஓர் ஒப்புமை மறக்கத்தக்கதன்று. வெறுங்கையாற் கொல்லவல்ல மல்வித்தையைக் கற்பவன் பல்லாண்டு பயிற்சியோடு அடக்கத்தையும் கற்றுக்கொள்கிறான். வித்தை கைகூடும்போது அதனைத் தகாதவாறு பயன்படுத்தாத மனமும் கைகூடிவிடுகிறது. முன்னோர் கண்டுபிடித்ததன் மேல் ஏறி நின்று ஓரடி எடுத்து வைப்பவனுக்கோ, பாட்டன் சொத்துப் போல ஆற்றல் இனாமாக வந்துவிடுகிறது. உழைத்துத் தேடாத சொத்தைக் காக்கும் பொறுப்பும் அவனுக்கு இல்லாது போகிறது. இதனைச் சுருங்கச் சொல்லியிருந்தால் எல்லோரும் ஏற்றிருப்பர்.

படமும் நூலும்

1993இல் ஸ்ரீவன் ஸ்பில்பேர்க் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். அதனால் வாசகர் கூட்டம் மேலும் பிளவுபட்டது. படத்திலே ஹமண்ட் அன்பான தாத்தா; கனவு கண்டு ஏமாந்தவர்; உயிர் தப்புகிறார். நூலிலோ அவர் பிறர் சாவையும் பொருட்படுத்தாத தன்னலக்காரர். தாம் படைத்த சிறு விலங்குகளுக்கே ஈற்றில் இரையாகிறார். படத்தில் அக்கா மூத்தவள், கணனி தெரிந்தவள். நூலில் அண்ணனே மூத்தவன், கணனியும் டைனோசர் அறிவும் அவனுக்கே உரியவை. படத்தைப் பார்த்த பின் நூலைப் படித்தவர்கள் சிலர் அதன் இரத்தக் களரியைக் கண்டு திகைத்தார்கள். நூலை முன்னரே படித்தவர்கள் சிலர் படத்திலே கதையின் கசப்பை எடுத்துவிட்டார்களே என்று வருந்தினார்கள். மனத்தை மயக்கும் காட்சிக்குப் படம். சிந்தனைக்கு நூல் என்று பிரித்துக்கொள்வதே வீண் சண்டையைத் தவிர்க்கும் வழி.

விஞ்ஞானம் மெய்யா?

"இது நடக்கக்கூடியதா?" என்பதே வாசகர் பலரும் கேட்கும் கேள்வி. படம் வெளிவந்த அதே 1993 ஜூன் மாதத்தில், 12 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அம்பரில் அகப்பட்ட வண்டொன்றின் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்ததாக விஞ்ஞானிகள் சிலர் அறிவித்தார்கள். உலகம் வாயைப் பிளந்தது. ஆனால், பிறர் அதனைத் திரும்பச் செய்ய முயன்றபோது கைகூடவில்லை. நியூசிலாந்தின் மாண்டுபோன மோவாப் பறவைகளின் எலும்புகள் 158ஐ ஆராய்ந்தோர், அவ்வெலும்புகளில் டி.என்.ஏ.யிற் பாதி ஏறத்தாழ 521 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்று 2012இல் கணக்கிட்டார்கள். 2022இல் கிறீன்லாந்தின் உறைந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ. ஏறக்குறைய 20 இலட்சம் ஆண்டு பழமையானது. டைனோசர்கள் மாண்டதோ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர். எனவே அம்பர் நுளம்பு அழகான கற்பனையே.

நூலில் அச்சிடப்பட்ட 'டைனோசர் டி.என்.ஏ.'யைப் பற்றியும் ஒரு சுவையான வரலாறு உண்டு. மார்க் பொகுஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானி, அவ்வெழுத்து வரிசையைக் கணனியில் இட்டு ஒப்புநோக்கினார். அது ஆய்வுகூடங்களில் நாள்தோறும் புழங்கும் பற்றீரியாப் பொருளின் வரிசை என்று 1992இல் வெளிப்படுத்தினார். கிறைட்டன் சினங்கொள்ளவில்லை. 1995இல் வந்த 'லொஸ்ற் வேர்ல்ட்' என்னும் அடுத்த நூலுக்கு வரிசை தயாரித்துத் தந்தவர் அதே பொகுஸ்கி. கோழி, தவளை ஆகியவற்றின் வரிசைகளை இணைத்த அவர், அதனைப் புரத எழுத்துகளாக மாற்றிப் படித்தால் 'மார்க் இங்கே இருந்தான்' என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் தோன்றுமாறு ஒளித்து வைத்தார்! குற்றங் கண்டுபிடித்த வாசகர் எழுத்தாளருக்குத் துணைவரான அருமையான நிகழ்ச்சி இது.

அஞ்சவேண்டியது எதற்கு?

அம்பர் பொய்யாயின் நாவலும் பொய்தானா? இங்கேதான் உண்மையான வழக்கு இருக்கின்றது.

நாவலில் ஹமண்ட் தமது விஞ்ஞானிக்கு ஓர் உபதேசம் செய்கிறார். புதிய மருந்து கண்டுபிடித்தால் அதன் விலையைக் குறைக்கும்படி அரசாங்கமும் மக்களும் நெருக்குவார்கள். நோயாளிக்கு அது தேவையல்லவா? பொழுதுபோக்கு எவருக்கும் தேவையன்று. ஆகவே அதற்கு என்ன விலை வைத்தாலும் கேட்பாரில்லை. இதுவே அவர் வாதத்தின் சாரம். நூலிலே மிகப் பயங்கரமான இடம் இதுவென்றே நாம் கூறுவோம். இங்கே எந்த விலங்கும் உறுமவில்லை. ஒரு வியாபாரி நிதானமாகப் பேசுகிறார், அவ்வளவே.

1975இல் கலிபோர்னியாவிலே அசிலோமார் என்னுமிடத்தில் விஞ்ஞானிகள் தாமாகவே கூடி, பரம்பரையலகு ஆராய்ச்சிக்கு வரம்பு வகுத்தார்கள். ஐந்தாண்டுகளின் பின், 1980இல், மனிதனால் மாற்றியமைக்கப்பட்ட நுண்ணுயிருக்கும் காப்புரிமை வழங்கலாம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் இத்துறையிலே பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. கிறைட்டனின் அச்சம் இந்த வெள்ளத்தைப் பற்றியதே. 2018இல் சீன விஞ்ஞானி ஒருவர், பரம்பரையலகு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதாக உலகறிய அறிவித்து, மறு ஆண்டில் சிறைத்தண்டனை பெற்றார். 2025இல் அமெரிக்கக் கம்பனியொன்று, மாண்டொழிந்த பயங்கர ஓநாய் இனத்தை மீட்டுவிட்டதாகப் பறைசாற்றியது. உண்மையில் அது சாம்பல் ஓநாயின் 14 பரம்பரையலகுகளிலே 20 மாற்றங்களைச் செய்து பிறப்பித்த குட்டிகளே என்று அறிஞர் பலர் மறுத்துரைத்தனர். அவசரமும் விளம்பரமும் ஆய்வுகூடத்துள் நுழைந்தால் என்ன நிகழும் என்ற நாவலின் கேள்வி பழுதாகிவிடவில்லை.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நீதியன்று. இத்தகைய நாவல்கள் மக்கள் மனத்திலே காரணமற்ற பீதியை வளர்க்கின்றன என்று குறைகூறும் வாசகர்களும் உளர். அவர்களின் கவலையும் மெய்யானதே. அரிவாட்கல நோய் என்னும் கொடிய இரத்த நோய்க்குப் பரம்பரையலகைத் திருத்திச் செய்யும் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரித்தானியாவும், அடுத்த மாதம் அமெரிக்காவும் அங்கீகரித்தன. நாவலிலே கண்ட பூதத்தை நினைத்து நோயாளி ஒருவர் இத்தகைய சிகிச்சையைக் கண்டு நடுங்குவாராயின் அது பெரும் பிழையாகும். ஆனால், அச்சிகிச்சைக்கு அமெரிக்காவிலே குறித்த விலை 22 இலட்சம் டொலர்! இதனைக் கேட்டதும் ஹமண்டின் உபதேசம் நம் காதிலே மீண்டும் ஒலிக்கிறதன்றோ? அஞ்சவேண்டியது அறிவுக்கு அன்று. கேள்வி கேட்பாரின்றி அறிவை ஆளும் பேராசைக்கே. இந்த வேற்றுமையை நாவல் சில பக்கங்களில் தெளிவாகக் காட்டுகிறது. சில பக்கங்களில் தானே மறந்துவிடுகிறது. வாசகர்கள் இரு கட்சியானதற்கு அடிப்படைக் காரணம் அதுவே.

வீட்டிலே யார் படிக்கலாம்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படம் பார்த்து மகிழ்ந்த சிறு பிள்ளைகளின் கையில் இந்நூலைக் கொடுத்தல் ஆகாது. தொட்டிலிற் கிடக்கும் சிசுவும் விலங்குக்கு இரையாகும் கதை இது. வயது வந்த மாணவர்கள் தாராளமாகப் படிக்கலாம். படித்த பின், எது கற்பனை, எது மெய், அம்பர் நுளம்பு ஏன் பயன்படாது, 238 எவ்வாறு 292 ஆயிற்று என்று அவர்களோடு பேசிப் பாருங்கள். வீட்டிலே இரு கட்சிகள் தோன்றினால் வருந்த வேண்டாம். ஒரு பயங்கர நாவல் குடும்பத்தை ஒரு மணி நேரம் சிந்திக்க வைக்குமாயின், அதற்குக் கொடுத்த விலை வீண்போகாது.