குழாய்க்குள் வெளிச்சம் – 14: பத்துக்கு நாலேகால்

மூன்று வண்ணமும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காருவது எப்படி என்று இந்த வாரம் சொல்வதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். சிவப்புக்கு ஒரு குழாய், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, எதிரே ஒரே திரை. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒன்று அதற்குள் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் ஒரு காயலாங்கடை. மீன் வாங்கப் போனவன் அங்கே ஏன் நின்றேன் என்று வீட்டில் கேட்டார்கள், உங்களுக்குத் தெரியும். செத்த ஃபிரிட்ஜ் கதவுகளுக்கும் ஒரு மூட்டை வயருக்கும் நடுவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கிடந்தது. முகப்பில் வரிசையாக மூன்று ஓட்டை. வீட்டு சினிமாவுக்கான பழைய குழாய் புரொஜெக்டர்! லென்ஸ் மூன்றையும் யாரோ முன்பே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். குழாயைக் குளிர்விக்க முன்னால் இருந்த திரவக் கூடும் கழன்றிருந்தது. அதிலிருந்து கிளைக்கால் திரவம் ஒழுகிய பிசுபிசுப்பில் எறும்பு ஒட்டியிருந்தது. நடுக் குழாய் பச்சை. அதன் முகத்தைத் துடைத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.

வெளிறிய பாஸ்பர் பூச்சின் நடுவே பழுப்பாக ஒரு பட்டை. மேலேயும் கீழேயும் பூச்சு புத்தம் புதிதாக இருந்தது.

கடைப் பையனிடம் ஸ்கேல் கேட்டு வாங்கி அளந்தேன். அகலம் பத்து சென்டிமீட்டர். உயரம் நாலேகால். "இன்னா சார், கண்ணாடியப் போய் அளந்துகினு கீற?" என்றார் கடைக்காரர். "ஒண்ணுமில்ல பாய், கணக்கு" என்றேன். பத்தை நாலேகாலால் வகுத்தால் 2.35. சினிமாஸ்கோப்!

இதில் துள்ளிக் குதிக்க என்ன இருக்கிறது என்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். அந்தக் குழாய் 4:3 சட்டத்துக்குச் செய்தது. பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏழரை உயரம் எரிய வேண்டும். எலெக்ட்ரான் கற்றை விழும் இடத்தில்தான் பாஸ்பர் ஒளிரும். ஒளிர்ந்த இடம்தான் தேயும். கறுப்புப் பட்டையில் எதுவும் விழுவதில்லை, அங்கே தேய்வும் இல்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஸ்கோப் படமாகவே பார்த்துத் தள்ளியிருக்கிறார் அந்தப் புண்ணியவான். பிறகு ஒருநாள் அதே பெட்டியில் செய்தி போட்டிருந்தால், வாசிப்பவரின் நெற்றியும் மார்பும் பளிச்சென்று, முகம் மட்டும் மங்கலாக வந்திருக்கும். செய்தி பார்த்த ஆள் மாதிரித் தெரியவில்லை.

ஸ்கோப் என்றால் வடசென்னைக்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது திரைச்சீலை. அந்தக் காலத்தில் தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் விளம்பரம், நியூஸ் ரீல் எல்லாம் சின்னச் சதுரமாக ஓடும். படம் ஆரம்பிக்கும்போது பக்கவாட்டுக் கறுப்புத் துணி இரண்டும் விலகும். விசில் அந்தத் துணிக்குத்தான், ஹீரோவுக்கு அப்புறம்தான். தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973இல் வந்த ஏ.பி.நாகராஜனின் 'ராஜராஜ சோழன்'. படம் பிடிக்கும்போது காட்சியை அகலவாக்கில் பாதியாக நசுக்கி ஃபிலிமில் அடக்கி, தியேட்டர் லென்ஸ் வழியாக மறுபடி விரிப்பது இந்த வித்தை. ஹென்றி கிரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர் இருபதுகளிலேயே கண்டுபிடித்ததை ஹாலிவுட் 1953இல் 'தி ரோப்' படத்துக்குப் பயன்படுத்தியது.

இதே படங்கள் பர்மா பஜார் கேசட்டிலும் கேபிளிலும் வந்தபோது விரிக்க லென்ஸ் இல்லை. டைட்டில் ஓடும்வரை எல்லோரும் ஒட்டடைக் குச்சி மாதிரி ஒல்லியாக நிற்பார்கள். பெயர்களை வெட்ட முடியாதே, நசுக்கினபடியே போட்டுவிடுவார்கள். இயக்குநர் பெயர் மறைந்த மறு நொடி எல்லோரும் சதை பிடித்துவிடுவார்கள், ஆனால் படத்தின் இரண்டு ஓரமும் போய்விடும். வசனம் பேசுகிறவரின் மூக்கு மட்டும் ஓரத்தில் நிற்கும். என் பாட்டி அதைப் பார்த்துத்தான், டைட்டில் முடிந்ததும் அவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று நம்பினாள்.

காயலாங்கடைக்குத் திரும்புகிறேன். நம் ஊர் பழைய பால் (PAL) டிவி முறையில் 625 கோடு. கண்ணுக்குத் தெரிவது 576. ஸ்கோப் படத்தை வெட்டாமல் 4:3க்குள் வைத்தால் படத்துக்குக் கிடைப்பது 327 கோடுதான். மீதி 249 கோடு கறுப்பைக் காட்டப் போய்விடும். ஏழடி அகலத் திரையில் கணக்குப் போட்டால் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இரண்டே முக்கால் மில்லிமீட்டர். முன் வரிசையில் உட்கார்ந்தால் கதாநாயகி கோடு போட்ட நோட்டுப் புத்தகத்துக்குள் நிற்பாள்.

இதற்கு மாற்று உண்டு. டிவிடியில் அகலத் திரைப் படத்தைப் பக்கவாட்டில் நசுக்கி 576 கோட்டிலும் பதிந்திருப்பார்கள். எல்.சி.டி. மாதிரி எண்ணி வைத்த புள்ளிகள் புரொஜெக்டர் குழாயில் இல்லை. உயரக் குமிழைத் திருகிக் கற்றை மேலும் கீழும் போகும் தூரத்தைக் குறைத்தால் அத்தனை கோடும் 16:9 சட்டத்துக்குள் நெருங்கி உட்காரும். ஸ்கோப் படத்துக்கு இப்போது 436 கோடு. கோட்டுக்கு இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். ஒரு திருகில் நூற்றுச் சொச்சம் கோடு லாபம். படத்தின் அளவு மாறாததால் இரண்டு வழியிலும் தேய்வுப் பட்டை பத்துக்கு நாலேகாலாகவே விழும். அவர் எந்த வழியில் பார்த்தார் என்று மட்டும் குழாய் சொல்லவில்லை.

தேய்வு இரண்டு வகை, குழப்பிக்கொள்ள வேண்டாம். "டியூப் வீக்" என்று டிவி மெக்கானிக் சொல்வது கழுத்துப் பக்கத்துச் சமாச்சாரம்: எலெக்ட்ரானை உமிழும் கேத்தோடு ஓய்ந்துபோவது. ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து பூஸ்டர் போட்டால் இன்னும் சில மாதம் ஓடும். முகத்தில் பாஸ்பர் கருகினால் வைத்தியமே இல்லை, குழாயை மாற்ற வேண்டியதுதான். நம் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தொல்லையும் உண்டு. எண்ணூர், ராயபுரம் வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஆனோடு மூடியைச் சுற்றிப் படியும். அங்கே இருப்பது பல்லாயிரம் வோல்ட். மழைக்காலத்தில் பெட்டிக்குள் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு காரமான வாசனை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைப் பாம்பு என்று நினைத்து டிவியைத் தட்டியிருக்கிறார்கள்.

சிவப்பு, நீலக் குழாய்களையும் பார்த்தேன். அவற்றில் பட்டை நேர்ச் செவ்வகமாக இல்லை. ஒன்றில் இடப்பக்கம் குறுகல், மற்றதில் வலப்பக்கம். இரண்டும் திரையைச் சாய்வாகப் பார்ப்பதால் படத்தைக் குழாயிலேயே எதிர்ப்பக்கம் கோணலாக வரைய வேண்டும். மூன்று வண்ணம் ஒன்றாவதன் சூட்சுமமே அந்தக் கோணல்தான். இடம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம்.

திங்கட்கிழமை மறுபடி போனேன். செம்புக்காகக் குழாய்க் கழுத்திலிருந்த யோக் சுருள் மூன்றையும் உருவிவிட்டார்கள். ஈயம் கலந்த கண்ணாடியை யாரும் எடைக்கு எடுப்பதில்லை என்பதால் பச்சைக் குழாய் என் மேஜைக்கு வந்துவிட்டது. அதை விற்றவர் இதைப் படித்தால் ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள் ஐயா: அப்படி எந்தெந்தப் படத்தைப் பார்த்தீர்கள்?