எழுதப்படாத பன்னீர் திராட்சை

மதுரையில் மல்லிகை வாங்குகிறவர்கள் ஊர் பார்த்து வாங்குவார்கள். மொட்டின் பருமனையும் காம்பையும் பார்த்தே இது நம்ம ஊர்ப் பூவா, வெளியூர்ப் பூவா என்று சொல்லிவிடுவார்கள். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த அறிவு இங்கே இருந்தது. அதே தெருவில் ஆண்டு முழுவதும் தள்ளுவண்டியில் விற்கும் கறுப்புப் பன்னீர் திராட்சையை மட்டும் யாரும் எந்த ஊர்ப் பழம் என்று கேட்பதில்லை. ‘கம்பம் பன்னீர் திராட்சை’ 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகும் இதே நிலைதான். அந்தப் பழத்தை ருசித்து, ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டைச் சொல்லி எழுத ஆளில்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒயின் உலகில் இதற்கென்றே எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். ஜான்சிஸ் ராபின்சன் இருவரோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட நூல் 1,368 திராட்சை ரகங்களை விவரிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை உள்ளூருக்கு வெளியே அறியப்படாதவை. சரியான அடையாளம் ஒரு ரகத்தின் விதியையே மாற்றும். பிரான்சின் போர்தோவில் கைவிடப்பட்ட கார்மனேர் ரகம், சிலி நாட்டில் மெர்லோ என்ற வேறு ரகத்தின் பெயரில் நெடுங்காலம் வளர்ந்துகொண்டிருந்தது. 1994இல் பிரெஞ்சு ஆய்வாளர் பூர்சிகோ அதை அடையாளம் காட்டினார். இன்று அதுவே சிலி பெருமையோடு முன்வைக்கும் ரகம்.

நம் பன்னீர் திராட்சைக்கும் சொல்லத் தகுந்த பூர்வீகம் உண்டு. இதன் ரகம் மஸ்கட் ஹாம்பர்க். அலெக்சாந்திரியா மஸ்கட்டும் பிளாக் ஹாம்பர்க்கும் கலந்து பிறந்தது. பழத்தை வாயில் போட்டதும் எழும் ரோஜா மணம் வெறும் கற்பனை அல்ல. ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால் இந்தப் பழத்திலும் இருக்கிறது, லினலூல் போன்ற உறவுப் பொருள்களோடு. வியப்பு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இந்த மணப்பொருள்களில் பெரும்பகுதி சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து கிடக்கும். பிணைந்திருக்கும் வரை அதற்கு வாசனை கிடையாது. சாறு நொதிக்கும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்க, அடைபட்ட மணத்தில் ஒரு பங்கு வெளியே வருகிறது. அதாவது பழமாகத் தின்னும்போது நமக்குக் கிடைப்பது அதன் மணத்தில் ஒரு பகுதிதான். இதிலும் தோலில்தான் மணம் அதிகம். தோலைத் துப்புகிறவர்கள் அதையும் இழக்கிறார்கள். இதே ரகத்தைச் சீனாவில் ரோஜா மணத்துக்காகவே போற்றுகிறார்கள். 1980இல் பிரெஞ்சுக் கூட்டோடு தியான்ஜினில் தொடங்கிய டைனஸ்டி நிறுவனம் இதிலிருந்து வெள்ளை ஒயின் செய்தது.

நாமும் இதில் ஒயின் செய்யலாமே என்றால், கம்பம் பூமி ஒயினுக்கு ஏற்றதல்ல என்பது முதல் ஆட்சேபம். திராட்சைக்கு 30 முதல் 50 டிகிரி அட்சரேகை வேண்டும் என்பது பழைய பாடம். குளிரில் உறங்கி, வசந்தத்தில் துளிர்ப்பது கொடியின் இயல்பு. கம்பமோ 10 டிகிரிக்கும் கீழே இருக்கிறது. அங்கே கொடி உறங்குவதே இல்லை. அதனால் பருவத்தைத் தீர்மானிப்பது விவசாயியின் கத்திரி. கல்தூணும் கம்பியும் கொண்ட பந்தலில் படர்ந்த கொடியை, கிளைக்கு நாலைந்து கணு விட்டுக் கவாத்து செய்தால் புதுத்துளிரோடு பூங்கொத்தும் வரும். ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. ஒரு தோட்டத்தில் பூவும் பக்கத்துத் தோட்டத்தில் பழமும் இருப்பது இப்படித்தான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய அதே தொலைவில், பிரேசிலின் சான் பிரான்சிஸ்கோ பள்ளத்தாக்கில், இதே முறையில் ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுத்து ஒயின் செய்கிறார்கள். ஆகவே அட்சரேகை தடையல்ல. விளைச்சல் பற்றிய ஆட்சேபத்துக்குத்தான் வலு உண்டு. பன்னீர் ரகம் இங்கே ஹெக்டேருக்கு 30 டன் வரை காய்க்கும். ஷாம்பெயின் பகுதியில் அனுமதிப்பதே சுமார் 10 டன்தான். கொத்து கூடினால் சாறு நீர்க்கும். எடைக்குக் காசு தரும் சந்தையில் கொத்தைக் குறைக்கச் சொல்வது விவசாயிக்கு நியாயமாகாது. மணத்துக்கும் இனிப்புக்கும் தனி விலை கிடைத்தால்தான் அவர் குறைப்பார். அந்த விலையை உண்டாக்குவது ருசி தெரிந்த வாசகர்களும் அவர்களை உருவாக்கும் எழுத்தும்தான்.

குடியால் அழிந்த குடும்பங்கள் நிறைந்த நாட்டில் ஒயினைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களின் வேதனை நியாயமானது. ஆனால் அந்தக் குடும்பங்களை அழித்தது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்தின் வகைகள். கம்பத்துத் திராட்சைக்கு அதில் பங்கில்லை. ரகத்தையும் மண்ணையும் கவாத்துத் தேதியையும் பழத்தின் இனிப்பையும் ஊர்வாரியாகப் பதிவுசெய்யும் அறிவு, சாறு பிழிகிறவருக்கும் பழமாகவே விற்கிறவருக்கும் பயன்படும். இதை அந்நியச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது. வைகை கடல் சேரும் பக்கத்தில், அழகன்குளம் அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

எழுதுகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி தயாராக இருக்கிறது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தத் திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது கம்பத்தில் வழங்கும் வரலாறு. மஸ்கட் ஹாம்பர்க்கோ, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில்தான் பேசப்படத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டுமானால், பாதிரியார் கொண்டுவந்தது வேறு ரகமாக இருக்க வேண்டும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்த் தோட்டங்களில் உள்ள பழைய கொடிகளின் இலையை மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், அந்த முதல் ரகம் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதற்கு நெடுந்தூரம் போகவும் வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே, ஆனைமலையன்பட்டியில் இருக்கிறது.