வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அநேக கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரமில்லை. விளக்கின்றி இருப்பதை ஒருவாறு பொறுக்கலாம். குடிநீரின்றி இருத்தல் மனிதருக்கும் இயலாது, மாட்டுக்கும் இயலாது. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்றிய ஊர்கள் பல. அவ்வநுபவத்துக்குப்பின், சொந்தமாக ஒன்று வாங்கி வைக்கலாமென்னும் எண்ணம் குடியானவர் பலருக்கு உண்டாவது இயல்பே.

வாங்குமுன் கணக்கிட வேண்டியது மோட்டாரைப் பற்றியே. நான்கு மின்விசிறி, எட்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு தொலைக்காட்சி ஆகியவை சேர்ந்து சுமார் 700 வாட் இழுக்கும். ஒரு குதிரைச் சக்தியுள்ள கிணற்று மோட்டார் ஓடும்போது சுமார் 1,100 வாட் இழுக்கும். மொத்தம் 1,800. கே.வி.ஏ. கணக்கைப் பொதுவாக 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்குமாதலால், 2½ கே.வி.ஏ. யந்திரம் 2,000 வாட் தரும். அதுவே தாராளமென்று தோன்றும். ஆனால் மோட்டார் புறப்படும் ஓரிரு விநாடியில் ஓடுங்காலத்தைப்போல் மும்மடங்கோ அதற்கு மேலுமோ சக்தி கேட்கும். அச்சமயம் சிறிய யந்திரம் திணறி நின்றுவிடும். மோட்டாரின் சுருளும் கருகக்கூடும். இவ்வீட்டுக்கு 5 கே.வி.ஏ. வேண்டும். அதிலும் மோட்டாரை முதலில் ஓட்டிவிட்டு, மற்றவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகப் போடுவதே நலம். கடைக்காரர் சொல்லும் அதிகபட்ச அளவு சில விநாடிக்கு மட்டுமே உரியது. இடைவிடாது தரக்கூடிய அளவு எவ்வளவென்று தகட்டைப் பார்த்தே தீரவேண்டும்.

அதற்காகப் பெரிதினும் பெரிதாக வாங்குவதும் பிசகு. டீசல் யந்திரத்தை அதன் சக்தியில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான பாரத்தில் நெடுநேரம் ஓட்டினால், எண்ணெய் சரிவர எரியாமல் கரி படியும். விளக்கும் விசிறியும் மட்டும் வேண்டுவோர்க்கு இன்வெர்ட்டரும் பாட்டரியுமே போதும். டீசல் செலவு யூனிட்டுக்கு ஏறக்குறைய ⅓ முதல் ½ லிட்டர். மேற்சொன்ன வீடு தினம் 3 மணி நேரம் ஓட்டினால், பத்து நாளைக்கு 30 லிட்டருக்குள் அடங்கும்.

இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. ஜெனரேட்டர் கம்பியை வீட்டுப் பிளக்கில் நேரே செருகி வீடெங்கும் மின்சாரம் பெறுவது சிலருடைய வழக்கம். இது பெருந்தீங்கு. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், மின்சாரம் வீட்டைவிட்டு வெளியேறி டிரான்ஸ்பார்மரை அடையும். அங்கே 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்றபடி குறைக்கும் அதே டிரான்ஸ்பார்மர், எதிர்த்திசையில் வரும் 230 வோல்ட்டை 11,000 அளவுக்கு உயர்த்திவிடும். லயன் நின்றிருக்கிறதென்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கதி என்னவாகும்? கஜாவுக்குப்பின் நம் கம்பங்களை நட வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறதென்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகையால் லயனும் ஜெனரேட்டரும் ஒருங்கே சேர முடியாத சேஞ்ச் ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்தாமல் யந்திரத்தை ஓட்டலாகாது. எர்த் கம்பியும் தனியே வேண்டும்.

மற்றொரு அபாயம் புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் விழிக்காமலே இறப்பர். மழைக்கஞ்சி யந்திரத்தைத் திண்ணையிலோ கொட்டகையிலோ வைத்து ஓட்டுகிறார்கள். கதவு சன்னல்களுக்கு 20 அடிக்கு அப்பால், புகை வீட்டின் பக்கம் திரும்பாதபடி, நனையாமல் மேற்கூரை மட்டும் போட்டு வைக்கவேண்டும். சூடாறிய பின்னரே எண்ணெய் ஊற்றவேண்டும்.

மாதமொருமுறை கால்மணி நேரம் பாரத்தோடு ஓட்டிவைத்தாலன்றி, வேண்டியபோது புறப்படாது. பெட்ரோல் யந்திரமானால், பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாக உறையும். ஓட்டாத நாளில் அதை வடித்துவிடுக. புரட்டாசி பிறந்ததும் கிராம நிர்வாக அலுவலர்கள், ஜெனரேட்டருள்ள வீடுகளின் ஜாபிதா ஒன்று தயாரித்து உள்ளூர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்துவைத்தால், புயலுக்குப்பின் கம்பம் ஏறுவோர் முதலில் எவ்வீடுகளைப் பார்த்துவர வேண்டுமென்பது தெரியும்.